டாக்டரை முதல் நாளே நம்ப வேண்டாம்

மகள் அஞ்சலைக்கு அப்பா எழுதுவது.

ஆமாம் ஆத்தா, அப்பாவேதான் எழுதுகிறேன். கடைக்காரரிடம் சொல்லி எழுதவைத்த கடிதம் இல்லை இது. நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோயில் கொட்டகையில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். நானும் போய் உட்கார்ந்தேன். காத்தமுத்து என்னைப் பார்த்து, "ஏண்டா, பல்லெல்லாம் போன பொறவு ஒனக்குக் கரும்பு எதுக்கு?" என்று கேட்டான். "கடிக்க முடியாட்டி சப்பிக்கிட்டுப் போறேன்" என்றேன். இப்போது சப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிடுகிறது. ஆனாலும் எழுதிய வரியைத் திரும்பிப் பார்க்கும்போது, நானே வெட்டிய ரப்பர் மரத்தில் பால் கோடு பிடித்து இறங்குவதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இவ்வளவு காலமும் இந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டேனே என்று தோன்றுகிறது.

கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லித்தந்தார். இங்கு எல்லாரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டுமாம். அந்த வரியைப் பலகையில் பல தடவை எழுதிப் பழகினேன். ஆனால் இந்தக் காகிதத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் உன் அம்மா ரயிலேறி, குளுவாங்கில் இறங்கி, பஸ் பிடித்து ஆயர் ஈத்தாமுக்கு உன்னைப் பார்க்க வந்தாளே, அவள் திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அழுதுவிட்டாள். உச்சி வெயிலில் நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியதைச் சொன்னாள். அங்குள்ள சர்க்கார் மருந்துச்சாலையில் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரைகள் உன் வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தடியில் கிடந்ததைச் சொன்னாள். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. முதல் பிள்ளையை நாம் இழந்ததும் இதே மாதத்தில்தான். இந்தப் பிள்ளையும் நீயும் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

அம்மாவிடம் நீ சொன்னதாக அவள் சொன்னது இது. "நம்ம டாக்டரா இருந்தா நான் சொல்லுவேம்மா. இவரு யாரோ எவரோ. மலையாளத்திலேருந்து இப்பத்தான் வந்திருக்காரு. மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. வெளிய பெஞ்சு நெறைய ஆளுங்க ஒக்காந்திருக்காங்க, நான் உள்ள பேசுறது அம்புட்டும் கேட்கும். அவர்கிட்டப் போயி நான் என்னத்தச் சொல்ல?" இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. நம் டாக்டர் ஐயாவை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். அவர் நரைத்த தலையோடும் தொந்தியோடும் பிறந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது.

அவர் முதன்முதலில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது ஒரு குச்சி. சைக்கிளில் வந்து இறங்கினால் சைக்கிள்தான் ஆள்போல் இருக்கும். இந்தப் பெக்கோக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி. அதற்கு அவர் ஒருவர்தான் டாக்டர். "இந்தப் பையனா நம்மளக் காப்பாத்தப் போறான்" என்று லயத்து வீடுகளில் எல்லாரும் பேசினோம். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி என்றால் போகிற வழி மட்டும் உண்டு, வருகிற வழி இல்லை என்று ஒரு பேச்சு. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஒரு வாளியில் கொய்னாத் தண்ணீரோடு நிற்பார். ஆளுக்கு ஒரு குவளை. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, காது வரைக்கும் ஏறும். நாங்கள் எல்லாரும் வாயில் வாங்கிக்கொண்டு, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மரத்துக்குப் போகிற வழியில் காட்டு வாய்க்காலில் துப்பிவிடுவோம். அந்த வாய்க்கால் ஓரத்தில் எறும்பு ஊர்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் காய்ச்சலில் விழுவோம். விழுந்துவிட்டு, "கொய்னாவுல ஒண்ணுமில்ல, சும்மா தண்ணி" என்று சொல்லிக்கொள்வோம்.

அவர் வந்த சில நாளிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். முன்பிருந்தவர் கண்டுபிடித்தபோது எங்களை வாயைத் திறக்கவைத்து, டிரெசரை விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். இவர் அதெல்லாம் செய்யவில்லை. ஒரு நாள் விடிந்ததும் பெரட்டுக்கு வந்து, வரிசையில் காத்தமுத்துவுக்குப் பின்னால் தானும் ஓர் ஆளாக நின்றார். அவர் முறை வந்ததும் குவளையை வாங்கிக் குடித்தார். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு கண் மூடிக்கொண்டது, மூக்கு வாய்க்குள் போய்விட்டது. கங்காணிகூடச் சிரித்துவிட்டார். டாக்டர் ஐயா வாயைத் துடைத்துக்கொண்டு, "கசப்புத்தான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நானும் உந்த நுளம்புக்கு நடுவிலைதானே படுக்கிறன்" என்றார். அவர்கள் ஊரில் கொசுவை நுளம்பு என்பார்கள். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வருகிற நாளெல்லாம் அவர் வரிசையில் நின்றார். எல்லாரும் உடனே விழுங்கிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் துப்புவதற்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்தில்தான் தொடங்கியது.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தேன். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு உடம்பில் சத்தே இல்லாமல் போயிற்று. வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கும், ஏணிப்படி ஏறினால் கண் இருட்டும். தோட்டத்தில் காய்ச்சல் என்றால்தான் வேலைக்கு வராமலிருக்க விடுவார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் காலில் முள் தைத்தாலும் காய்ச்சல், வயிற்று வலி என்றாலும் காய்ச்சல், பெண்டாட்டியோடு சண்டை என்றாலும் காய்ச்சல். எல்லாரும் அதையே சொல்வோம். டிரெசரும் எல்லாருக்கும் ஒரே கொய்னாவை ஊற்றுவார். நானும் போய்க் காய்ச்சல் என்றேன். டாக்டர் ஐயா கண்ணாடிக் குச்சியை என் நாக்குக்கடியில் வைத்துப் பார்த்தார். என் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு டிரெசரிடம், "நீர் கொஞ்சம் வெளியிலை நில்லும்" என்றார். டிரெசர் போனதும் தானே எழுந்து கதவைச் சாத்தினார்.

"உமக்குக் காய்ச்சல் இல்லை. ஆனா வேறை ஏதோ இருக்கு. என்னெண்டு சொல்லும்."

"காய்ச்சல்தாங்க ஐயா."

அவர் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. "சரி, இண்டைக்கு வேலைக்குப் போகவேண்டாம், நான் சொல்லிவிடுறன். சொல்ல மனம் வாற நேரம் வாரும். நான் இங்கைதான் இருப்பன்" என்றார். வெளியே வந்தபோது எனக்கு ஏமாற்றிவிட்ட சந்தோஷம் வரவில்லை. திட்டியிருந்தால் வந்திருக்கும்.

அடுத்த வாரம் போனேன். அவர் கதவைச் சாத்துகிற வரைக்கும் நின்றேன். சாத்திய பிறகு சொன்னேன். நான் மண் தின்றேன் ஆத்தா. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மேடு வெட்டிய இடத்தில் சிவப்பு மண் இருக்குமே, அதை எடுத்துவந்து அடுப்பில் சுட்டு, இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு, பால் வெட்டும்போது யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வேன். மழை பெய்து மண் வாசனை வந்தால் எச்சில் ஊறும். பிள்ளைகள் செய்கிற காரியத்தை ஒரு குடும்பஸ்தன் செய்கிறானே என்று வெட்கம். தெரிந்தால் லயமே கைகொட்டிச் சிரிக்கும். டாக்டர் ஐயா சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. "சுட்ட மண்ணோ பச்சை மண்ணோ?" என்று கேட்டார், சோறா கஞ்சியா என்று கேட்பதுபோல. சுட்டது என்றேன். "உம்மைப் போலை எத்தினையோ பேர் தின்னுதுகள். ஒருத்தரும் சொல்லுறேல்லை. குடலிலை பூச்சி இருந்து இரத்தத்தை உறிஞ்சுது. இரத்தம் குறைஞ்சா உடம்பு மண் கேக்கும். அது உம்முடைய குணம் இல்லை, வருத்தம்" என்றார். அவர்கள் ஊரில் நோயை வருத்தம் என்பார்கள். பூச்சிக்கு மருந்து கொடுத்தார், இரத்தம் ஊற இரும்பு மருந்து கொடுத்தார், காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். சில மாதத்தில் வாளி எனக்குப் பழைய கனத்துக்கு வந்தது. மண் ஆசை போன நாள் எதுவென்றே தெரியவில்லை, அப்படிப் போயிற்று.

அதைவிட நான் அவரை வியப்பது வேறு ஒன்றுக்காக. அன்று முதல் இன்று வரை இந்தப் பேச்சு அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. டிரெசருக்குத் தெரியாது, கங்காணிக்குத் தெரியாது. நம் வீட்டு வாசலில் எத்தனையோ முறை நின்று உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறார், அவளுக்கும் தெரியாது. போன மாதம் அவள் உன் முந்தானை முடிச்சில் சுட்ட மண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "மண்ணத் திங்கிறா ஒங்க மக. என் வயித்துல பொறந்துட்டு இது எங்கேருந்து வந்த புத்தியோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கேருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும். உனக்கும் அது குணம் இல்லை. வருத்தம். மருந்து இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் அவரும் நானும் ஒரு நாளும் முட்டிக்கொண்டதில்லை என்று நினைக்காதே. உன் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்ததே, உனக்கு நினைவிருக்கும். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்லவா படித்துவிட்டு வந்தார் என்று வெளியே வந்து கத்தினேன். ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம் எழுதித் தந்தார். நான் அதை மடித்து வைத்துவிட்டு, லாபிஸ் கடைத்தெருவில் இருக்கிற சீன வைத்தியரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தெரியவில்லை என்று சொல்லவே இல்லை. கறுப்பு உருண்டைகள் கொடுத்தார். அதைத் தின்று அவளுக்கு வயிறு போக, வேறு வழியில்லாமல் மறுபடி டாக்டர் ஐயாவிடமே போய் நின்றேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன் அம்மா அந்த வலியிலும் எழுந்து உட்கார்ந்து, "பொய் சொல்றாருங்க ஐயா, சீன வைத்தியரு மருந்து குடுத்தாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவர் என்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். "ஏன் காணும், சீன மருந்து குடிக்கவேண்டாமெண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? குடியும். ஆனா என்னட்டைச் சொல்லிப்போட்டுக் குடியும். நீர் ஒளிச்சு வைச்சா நான் இருட்டிலையல்லோ மருந்து குடுக்கிறன்" என்றார். அடுத்த வாரம் அவரே ரயில் நேரத்தைக் கேட்டுச் சொல்லி, எங்கள் இருவரையும் ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார். அங்கே கட்டியை எடுத்தார்கள். அது கெட்ட கட்டி இல்லை என்று சொன்னார்கள். திரும்பி வந்து சொன்னபோது எங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காக அதற்குப் பிறகு அவர் தெரியும் என்று சொன்னதையெல்லாம் நான் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நம் டாக்டராக இருந்தால் சொல்வேன் என்கிறாய். போன தடவை நீ இங்கேதான் இருந்தாய் ஆத்தா, நம் லயத்தில், நம் டாக்டருக்குப் பக்கத்தில். அவரிடமும் நீ சொல்லவில்லையே. குளிரும் காய்ச்சலும் வந்துபோவதை முந்தானையால் மூடி வைத்தாய். கொய்னா வயிற்றைக் கலைத்துவிடும் என்று லயத்துப் பெண்கள் சொன்னதால் எல்லா மாத்திரையையும் எறிந்தாய். ஒரே ஒரு நாள், டிரெசர் பார்த்துக்கொண்டு நின்றதால், விழுங்கினாய். பிள்ளை போன பிறகு அந்த ஒரு மாத்திரைதான் கொன்றது என்று இன்று வரை மனத்துக்குள் வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். டாக்டர் ஐயா உன் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உன் விலாவுக்குக் கீழே காய்ச்சல் வந்து வந்து வீங்கியிருந்த கட்டியை உன் கையாலேயே தொட்டுப் பார்க்கவைத்து, "பிள்ளை, உன்னிலை ஒரு பிழையும் இல்லை, அந்த மாத்திரையிலும் இல்லை. இந்தக் காய்ச்சல்தான் எடுத்தது" என்று சொன்னார். நீ தலையை ஆட்டினாய், நம்பவில்லை. அவர் சொன்னதை நம்ப உனக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலில் வந்து நின்று பேசிவிட்டுப் போனவர்கள் சொன்னதை நம்புவது லேசாக இருந்தது. உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நான் கன்னத்தில் அடக்கியதைத்தான் நீ வாழைமரத்தடியில் போட்டாய். நாம் ஒரே குடும்பம்.

உன் அம்மா வந்து சொன்ன மறுநாளே டாக்டர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். கையில் என் இருமல் மருந்துப் போத்தலையும் எடுத்துப்போனேன். அதில் அவர் தமிழில் ஒட்டியிருந்ததை அன்று காலையில்தான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். குலுக்கிக் குடிக்கவும். டிரெசர் வாயால் சொல்லியிருப்பார், நான்தான் காதில் வாங்கவில்லை. அதை அவரிடம் படித்துக் காட்டினேன். "அப்ப இவ்வளவு நாளும் மேலை நிண்ட தண்ணியைத்தான் குடிச்சீரோ?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"நான் போயி அவள இங்கேயே கூட்டியாந்துடுறேன் ஐயா. ஒங்க கையில ஒப்படைச்சுட்டா எனக்கு நிம்மதி."

"வேண்டாம். காய்ச்சலோடை இருக்கிற பிள்ளைத்தாச்சியை பஸ்ஸிலையும் ரயிலிலையும் போட்டுக் குலுக்கிக்கொண்டு வாறதோ? அவள் போத்தல் இல்லைக் காணும். அங்கை டாக்டர் இருக்கிறார்தானே."

"அவரு புதுசுங்க. நம்ப மாட்டேங்கிறா."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "என்னை நீர் எப்ப நம்பினனீர்?"

யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் கட்டிக்குப் பிறகு என்று சொன்னேன்.

"அப்ப, மண் தின்னுறதை எப்ப சொன்னனீர்?"

"அது அதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடிங்க."

"அதைத்தான் அவவுக்கும் சொல்லும். முதல் நாளே நம்பவேண்டாம். முதல் நாளே உண்மையைச் சொன்னாப் போதும். அந்த உண்மையை வைச்சுக்கொண்டு அவர் என்ன செய்யிறார் எண்டு பார்க்கட்டும். நம்பிக்கை பிறகு வரும். அந்தத் தம்பி என்னைவிடப் புதுசாப் படிச்சு வந்திருப்பார். கொய்னாவை எவ்வளவு, எப்பிடிக் குடுக்கிறதெண்டு அவருக்குத் தெரியும். ஆனா காய்ச்சல் இருக்கெண்டு அவவல்லோ சொல்லவேணும்."

நான் எழுந்து கும்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்தவர், "ஆள்விட்டுச் சொல்லவேண்டாம். நீரே எழுதும். எழுதத் தெரியுந்தானே இப்ப" என்றார். அதைக் கேட்ட சந்தோஷத்தில் லயம் வரைக்கும் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

ஆகையால், இந்தக் காகிதம் உன் கையில் கிடைத்த அன்றே போ. நான் வருவேன் என்று காத்திருக்காதே. மாப்பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப் போ, ஆனால் அவர் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். உள்ளே நீ மட்டும் போ. கதவைச் சாத்தச் சொல், கேட்டால் சாத்துவார். மீசையைப் பார்க்காதே. குளிர் எப்போதிருந்து வருகிறது, எத்தனை மாத்திரையை எறிந்தாய், முந்தானையில் என்ன முடிந்திருக்கிறாய், முதல் பிள்ளை எந்த மாதத்தில் போனது, எல்லாவற்றையும் சொல். ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னால் படுத்துக்கொள். கொய்னா உனக்குப் பயமாக இருக்கிறது என்றால் அந்தப் பயத்தையும் சொல், அதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதுதான். உன் பேச்சு அந்தக் கதவுக்கு வெளியே வந்துவிட்டால், அல்லது அவர் உன்னை ஏளனமாகப் பார்த்தால், அப்போது எனக்கு எழுது. குளுவாங்கில் வேறு டாக்டரைத் தேடுவோம். அப்படி எதுவும் நடக்காவிட்டால் அவரையே பிடித்துக்கொள். அடுத்த மாதமும் அவரிடமே போ. பிள்ளை பிறந்த பிறகும் அவரிடமே கொண்டுபோய்க் காட்டு. உன் பிள்ளை வளர்ந்து, அவரை நரைத்த தலையோடு பிறந்தவர் என்று நினைக்கட்டும்.

இதுவரை நீ எனக்குப் போட்ட கடிதமெல்லாம் கடைவாசலில் ஆட்கள் நிற்க, கடைக்காரர் உரக்கப் படித்துத்தான் கேட்டேன். நீயும் அது தெரிந்துதான் நலம், நலம் என்றே எழுதினாய். இனி அப்படி வேண்டாம். டாக்டரிடம் என்ன பேசினாய் என்று எனக்கு எழுத வேண்டியதில்லை, அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதி அனுப்பு. நான் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துக்கூட்டி, நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா